நட்சத்திர வீரருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? டொராண்டோவின் மூன்று வழிகளும் மற்றவர்கள் போன வழிகளும்

2018 கோடையில் டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியைப் பார்த்துக் குறை சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. 2017-18 சீசனில் 82 ஆட்டங்களில் 59 வெற்றி, கிழக்குப் பிரிவில் முதலிடம். அதுவரை அந்த அணி ஒரு சீசனில் அத்தனை ஆட்டங்களை வென்றதே இல்லை. ஆனால் சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் 4-0 என்று தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டும் அதே அணியிடம் 4-0. அதற்கும் முந்தைய ஆண்டு 4-2. பயிற்சியாளர் டுவேன் கேசியை நீக்கினார்கள். அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அதற்குப் பிறகு அவருக்கே போனது.

இந்த மாதிரி அணிகள் என்.பி.ஏ. என்ற அந்தக் கூடைப்பந்து லீக்கில் எப்போதும் நாலைந்து இருக்கும். ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் ஜெயிக்கும், மே மாதத்தில் வீட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட அணி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கூடைப்பந்து ரசிகர்கள் சலிக்காமல் வாதாடும் விஷயம். இருப்பதை வைத்துப் பொறுமையாக ஆடலாம். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு இளம் வீரர்களோடு முதலில் இருந்து தொடங்கலாம். அல்லது பெரிய விலை கொடுத்து ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவரலாம்.

இதை நான் டொராண்டோவை நடுவில் வைத்தே ஒப்பிடப் போகிறேன். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் உள்ள தமிழ் வீடுகளுக்கு அது சொந்த ஊர் அணி என்பதும் உண்மைதான். ஆனால் முக்கியமான காரணம் வேறு. அந்த ஒரு கோடையில் மூன்று வழிகளும் உண்மையாகவே திறந்திருந்தன. போன வழியின் விளைவை முழுதாகப் பார்த்தும் விட்டோம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ட்ரேடை, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதை, எடைபோடும்போது எல்லாரும் வருகிற வீரரைப் பார்க்கிறார்கள், அப்புறம் போகிறவர்களைப் பார்க்கிறார்கள். வந்தவரோடு சேர்ந்து ஆட யார் மிஞ்சுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆடுகளத்தில் ஐந்து பேர், ஆட்டம் 48 நிமிடம். பிளேஆஃபில் ஏழெட்டுப் பேராவது நம்பி இறக்கும்படி இருக்க வேண்டும். அந்த ஏழெட்டுப் பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கினால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பயனில்லை.

அப்படியே இருப்பது

டொராண்டோ எதையும் தொடாமல் இருந்திருந்தால் அது கோழைத்தனம் ஆகியிருக்காது. 2018 ஜூலையில் லெப்ரான் மேற்குப் பிரிவுக்கு, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போய்விட்டார். மூன்று வருடம் வழியை அடைத்தவர் தானாகவே விலகிவிட்டார். டிமார் டெரோசனுக்கு வயது 28. கைல் லௌரி இன்னும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்து வந்த பாஸ்கல் சியாகம், ஃப்ரெட் வான்வ்லீட் கூட்டம் மற்ற அணிகளின் பெஞ்சைப் புரட்டி எடுத்தது. “இன்னொரு வருடம் பார்ப்போம்” என்று சொல்ல நியாயமான காரணங்கள் இருந்தன.

டெரோசன் மீது ரசிகர்களுக்கு இருந்த பாசமும் சாதாரணமானது இல்லை. புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2009-ல் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டு ஒன்பது சீசன் அங்கேயே ஆடினார். நட்சத்திரங்கள் வருவதும் போவதுமாக இருந்த ஊரில், 2016-ல் வேறு அணிகளைத் தேடிப் போகாமல் ஐந்து ஆண்டுக்கு 13.9 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பிளேஆஃப் வேறு விளையாட்டு. ஏழு ஆட்டத் தொடரில் எதிரணிக்கு உங்கள் பலவீனத்தைத் தோண்டி எடுக்க நேரம் இருக்கிறது. டெரோசன் நடுத்தூரத்தில் இருந்து அற்புதமாகப் போடுவார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவரை அவ்வளவாக மதிக்க வேண்டியதில்லை. தடுப்பாட்டத்திலும் எதிரணி அவரைத் தேடி வந்து தாக்கும். 2018-ல் கிளீவ்லாந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் அணியின் முதன்மை வீரரான அவரையே பெஞ்சில் உட்கார வைத்தார் கேசி. அந்த ஆட்டத்தையும் லெப்ரான் கடைசி நொடியில் பலகையில் பட்டு விழுந்த பந்தால் முடித்தார். முதன்மை வீரரை உட்கார வைத்தால்தான் ஜெயிக்க வாய்ப்பு என்று பயிற்சியாளருக்கே தோன்றும் அணி, இன்னொரு வருடம் பொறுத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

போர்ட்லாந்து இதற்குச் சாட்சி. டேமியன் லில்லர்ட், சி.ஜே. மெக்கல்லம் இருவரையும் 2013-ல் இருந்து 2022 பிப்ரவரி வரை சேர்த்தே வைத்திருந்தார்கள். இருவரும் உயரம் குறைந்த கார்டுகள் (வளையத்துக்கு வெளியே இருந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்), இருவரும் புள்ளி குவிப்பவர்கள், இருவருக்கும் ஒரே இடத்தில் பலவீனம். ஒரே ஒருமுறை, 2019-ல், மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனார்கள்; அங்கே கோல்டன் ஸ்டேட் 4-0 என்று முடித்துவைத்தது. மெக்கல்லத்தை விற்கும்போது காலம் கடந்துவிட்டது. 2023-ல் லில்லர்டே வெளியேறக் கேட்டார்.

அப்படியானால் எதையும் மாற்றாமல் இருப்பது எப்போதுமே தவறா? இல்லை, டென்வர் இருக்கிறது. 2014-ல் 41-ஆவதாக எடுத்த நிகோலா யோகிச், 2016-ல் ஏழாவதாக எடுத்த ஜமால் மரே, 2018-ல் 14-ஆவதாக எடுத்த மைக்கேல் போர்ட்டர். 2021 ஏப்ரலில் மரேயின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. போர்ட்டர் முதுகு அறுவை சிகிச்சையால் அதே சீசனில் ஒன்பதே ஆட்டங்கள். இரண்டு வருடம் பிளேஆஃபில் தோற்றும் டென்வர் யாரையும் பீதியில் விற்கவில்லை. ஓரங்களை மட்டும் சரிசெய்தது. மரேவுக்கு அடிபடுவதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், ஆரோன் கார்டனைக் கொண்டுவந்திருந்தார்கள். 2022-ல் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பும் புரூஸ் பிரவுனும் வந்தார்கள். 2023-ல் மயாமியை 4-1 என்று வென்று கோப்பை.

டென்வரையும் போர்ட்லாந்தையும் பிரிப்பது பொறுமையின் அளவு இல்லை. டென்வரின் முதல் வீரர் இறுதிப் போட்டியில் எந்த அணிக்கு எதிராக நின்றாலும் களத்திலேயே சிறந்தவர். அவரைச் சுற்றிப் பொறுமை காட்டலாம். 2018 டொராண்டோவிடம் அப்படி ஒருவர் இல்லை.

கலைத்துவிடுவது

இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பம் இல்லை, ஏனென்றால் 59 ஆட்டம் வென்ற அணிக்கு இது கடைசி வழி. ஆனால் ரசிகர்கள் கோபத்தில் முதலில் கேட்பது இதைத்தான்.

கடைசியில் நிற்கும் அணிகளுக்கு டிராஃப்டில் முன்னுரிமை உண்டு என்பதால், தோற்றுத் தோற்று மேலே போவது என்ற திட்டத்தை முழு மூச்சாகச் செய்தது பிலடெல்பியா. 2013-ல் இருந்து 2016 வரை மூன்று சீசனில் மொத்தம் 47 வெற்றிகள். கடைசி சீசனில் பத்தே பத்து. அதில் ஜோயல் எம்பீட் கிடைத்தார், பென் சிம்மன்ஸ் கிடைத்தார். கோப்பை கிடைக்கவில்லை. எம்பீடின் காலத்தில் அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டியதே இல்லை.

இன்றைக்கு இந்த வழி இன்னும் கடினம். 2019-ல் இருந்து, கடைசியில் நிற்கும் மூன்று அணிகளுக்கும் டிராஃப்ட் குலுக்கலில் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு சமமாக 14 சதவீதம்தான். 2023-ல் 17 ஆட்டங்களே வென்று கடைசியில் இருந்த டெட்ராய்ட்டுக்கு ஐந்தாவது இடம் கிடைத்தது. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். 2025-ல் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு இருந்த டல்லஸுக்கு முதல் இடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் வந்தார். ஒரு ஊரையே மூன்று நான்கு வருடம் தோல்வியைப் பார்க்க வைத்துவிட்டு, கடைசியில் குலுக்கலை நம்பி உட்கார்வது பெரிய சூதாட்டம்.

டொராண்டோவுக்கு நடைமுறைத் தடையும் இருந்தது. லௌரி மூன்று ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்தார், 32 வயது. செர்ஜ் இபாகாவும் பெரிய ஒப்பந்தம். கலைப்பதென்றால் இவர்களுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். சம்பளம் பெரிது, வயதும் கூடிவிட்டது என்றால் எதிர்த்தரப்பு விலை கொடுப்பதற்குப் பதிலாக, “எடுத்துக்கொள்ள எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்கும்.

வாங்குவது: டொராண்டோ செய்தது

2018 ஜூலை 18 அன்று டெரோசன், யாகோப் பெல்ட்டில், ஒரு முதல் சுற்று பிக் (டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஆகிய மூன்றையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார் ராப்டர்ஸ் தலைவர் மசாய் உஜிரி.

அப்போது எழுந்த கோபம் நினைவிருக்கிறதா? கவாய் 2014 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர், இரண்டு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர். ஆனால் தொடைத் தசைக் காயத்தால் முந்தைய சீசனில் ஒன்பது ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். ஒப்பந்தத்தில் உறுதியாக இருந்தது ஒரே ஒரு சீசன். டொராண்டோவுக்கு வரவேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. அப்படி ஒருவருக்காக, ஊரை நேசித்த ஆளை அனுப்பினார்கள். டெரோசன் மனம் உடைந்தார். பேச்சில் ஏற்பட்ட புரிதல் பிழைக்காக உஜிரி வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அந்த வருத்தம் நியாயமானது. ட்ரேட் நல்லதாக முடிந்தது என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கொடுத்தது ஒரு பெரிய சம்பளக்காரர், வளையத்தருகே ஆடும் ஒரு மாற்று சென்டர், ஒரு பிக். அந்த பிக்கிலும் ஒரு பாதுகாப்பு: அது முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் டொராண்டோவிடமே இருக்கும். கடைசியில் அது 29-ஆவது இடத்தில் போய் விழுந்தது. கொடுக்காமல் வைத்துக்கொண்டது யார் யார்? 2016-ல் 27-ஆவதாக எடுத்த சியாகம். அதே ஆண்டு டிராஃப்டில் யாருமே எடுக்காமல் விட்ட வான்வ்லீட். 2017-ல் 23-ஆவதாக எடுத்த ஓ.ஜி. அனுனோபி. லௌரி, இபாகா. அதாவது டெரோசன் ஆடிய இடத்தில் அவரைவிட உயர்ந்த ஒருவர் வந்து நின்றார், சுற்றி இருந்தவர்கள் கலையவில்லை.

2019 பிப்ரவரியில் இன்னொரு சிறிய ட்ரேட். யோனாஸ் வலன்சியூனாஸ், டெலான் ரைட், சி.ஜே. மைல்ஸ் போய் மெம்ஃபிஸில் இருந்து மார்க் கசோல் வந்தார். பேப்பரில் பெரிதாகத் தெரியாத இந்த மாற்றம்தான் பிலடெல்பியா தொடரில் எம்பீடை அடக்கியது. அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டம் எல்லாருக்கும் தெரியும்: மூலையில் இருந்து கவாய் வீசிய பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது, 92-90. அடுத்து மில்வாக்கியிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் இழந்து, மூன்றாவதை இரண்டு கூடுதல் நேரத்துக்கு இழுத்து வென்றார்கள். கவாய் அன்று 52 நிமிடம் ஆடினார். அதன்பின் மில்வாக்கி ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை.

இறுதிப் போட்டியில் என் வாதத்துக்கான ஆதாரம் இருக்கிறது. கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சியாகம் 32 புள்ளி. கோப்பையை முடித்த ஆறாவது ஆட்டத்தில் லௌரியும் சியாகமும் தலா 26, வான்வ்லீட் 22. அதில் 12 கடைசிக் கால்பகுதியில். கவாய் அந்த ஆட்டத்தில் இவர்களில் இருவரைவிடக் குறைவாகத்தான் போட்டார், தொடரின் சிறந்த வீரர் விருது சரியாகவே அவருக்குப் போனது. எதிரணியில் கெவின் டுரான்ட் ஐந்தாவது ஆட்டத்திலும் கிளே தாம்சன் ஆறாவது ஆட்டத்திலும் காயமடைந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த ஆள் மிஞ்சியிருந்தார்கள்.

கவாய் ஒரே வருடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். அந்த ட்ரேட் தோல்வியடைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குப் பதில் அடுத்த சீசனில் கிடைத்தது. அவர் இல்லாத டொராண்டோ 72 ஆட்டங்களில் 53 வென்றது. போனவர் போனாலும் அணி நின்றது. உஜிரி சூதாடினார் என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

அதே வீரர், வேறு விலை

கவாய் போன இடத்தில் நடந்ததுதான் இந்த ஒப்பீட்டின் மறுபக்கம். 2018-19-ல் கிளிப்பர்ஸ் நட்சத்திரமே இல்லாமல் 48 ஆட்டம் வென்ற அணி. துடிப்பான அணி, கையில் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற புது கார்டு, நிறைய பிக்குகள். ஓக்லஹோமா சிட்டியில் இருந்த பால் ஜார்ஜும் கூட வந்தால்தான் கவாய் வருவார் என்ற நிலை. அந்த அணியின் நிர்வாகி சாம் பிரெஸ்டிக்கு அது தெரிந்திருந்தது. எனவே விலை ஏறியது: ஷே, டானிலோ காலினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளில் பிக்குகளை மாற்றிக்கொள்ளும் உரிமை. இடமாற்று உரிமை என்றால் நம் பிக் அவர்களுடையதைவிட மேலே இருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு இதை நான் உட்படப் பெரும்பாலோர் பாராட்டினோம் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. ஜார்ஜ் அந்த சீசனில் மிகச் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தவர். இரண்டு பக்கமும் ஆடக்கூடிய இரண்டு பெரிய ஃபார்வர்டுகள் ஒரே அணியில். காகிதத்தில் தவறே இல்லை.

களத்தில் என்ன நடந்தது? 2020-ல் டென்வருக்கு எதிராக 3-1 என்ற முன்னிலையை இழந்தார்கள். 2021-ல் மேற்குப் பிரிவு இறுதிவரை போனார்கள்; அதற்கு முந்தைய தொடரிலேயே கவாயின் முழங்கால் போய்விட்டது. அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. 2024-ல் ஜார்ஜ் ஒப்பந்தத்தில் இருந்து விடுபட்டு ஃப்ரீ ஏஜென்டாகப் பிலடெல்பியாவுக்குப் போனார், கிளிப்பர்ஸுக்கு அவருக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓக்லஹோமா சிட்டியோ ஷேயை வைத்துக் கட்டியது. 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு மோசமான சீசன்கள். கிளிப்பர்ஸிடம் வாங்கிய 2022 பிக் 12-ஆவது இடத்தில் விழுந்தது. அதில் எடுத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2024-25-ல் 68 வெற்றி. ஷே அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர். வில்லியம்ஸ் இந்தியானாவுக்கு எதிரான இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி. 4-3 என்று கோப்பை.

இதை வைத்துக் கலைப்பதுதான் சிறந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். பிரெஸ்டி வெறும் கையோடு தோற்கவில்லை. இருபது வயதைத் தாண்டிய ஒரு நட்சத்திரக் கார்டும் வேறு அணியின் பிக்குகளும் கையில் இருந்தபோது தோற்றார். அவர் வளர்ந்ததற்கு அவருடைய தோல்வி பாதிக் காரணம், கிளிப்பர்ஸின் அவசரம் மீதிப் பாதி. எதிரே அவசரக்காரர் இல்லாமல் இந்த வழி வேலை செய்யாது.

கிளிப்பர்ஸ் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டது. டொராண்டோ அந்த மூட்டையைத் தொடவில்லை.

அள்ளிக் கொடுத்தும் ஜெயித்தவர்கள், அழிந்தவர்கள்

அப்படியென்றால் பிக்குகளை அள்ளிக் கொடுப்பதே தவறா? மில்வாக்கி இதற்கு எதிரான நல்ல ஆதாரம், அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 2020-ல் ஜூரூ ஹாலிடேவுக்காக எரிக் பிளெட்சோ, ஜார்ஜ் ஹில், மூன்று முதல் சுற்று பிக், இரண்டு இடமாற்று உரிமை. ஹாலிடே ஒரு முறைதான் ஆல்-ஸ்டார் (சீசனின் சிறந்த வீரர்களில் ஒருவராகத் தேர்வு) ஆனவர், விலை அநியாயம் என்றார்கள். ஆனால் கொடுத்த வீரர்கள் யார் என்று பாருங்கள். பிளேஆஃபில் ஏற்கெனவே தடுமாறிய கார்டுகள். யானிஸ் ஆன்டெட்டோகூன்போ, கிறிஸ் மிடில்டன், புரூக் லோபஸ் அப்படியே இருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் யானிஸும் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். 2021 இறுதியின் ஆறாவது ஆட்டத்தில் யானிஸ் 50 புள்ளி, 1971-க்குப் பிறகு முதல் கோப்பை. எதிர்காலத்தைக் கொடுத்தார்கள், நிகழ்காலத்தைக் குறைக்கவில்லை. களத்தின் சிறந்த வீரர் ஏற்கெனவே கையில் இருக்கும்போது இது சரி.

புரூக்ளினில் நடந்தது நேர் எதிர். டுரான்ட், கைரி இர்விங் இருக்கும்போதே 2021 ஜனவரியில் ஹூஸ்டனில் இருந்து ஜேம்ஸ் ஹார்டனையும் வாங்கினார்கள். மூன்று முதல் சுற்று பிக், நான்கு இடமாற்று உரிமை, போதாததற்கு ஜாரெட் ஆலன், கேரிஸ் லெவர்ட். ஆலனுக்கு அப்போது வயது 22. அடுத்த ஆண்டே கிளீவ்லாந்தில் ஆல்-ஸ்டார் ஆனார். மூன்று பெரிய பெயர்களும் சேர்ந்து ஆடியது மொத்தம் 16 ஆட்டங்கள்தான். மூவரில் ஒருவர் இல்லாத நாளில் தாங்கிப் பிடிக்க ஆள் மிஞ்சவில்லை.

ஃபீனிக்ஸ் அதைப் பார்த்தும் அதே பாதையில் போனது. 2023 பிப்ரவரியில் டுரான்டுக்காக மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்று பிக், ஓர் இடமாற்று உரிமை. சில மாதங்களில் பிராட்லி பீல். 2024-ல் முதல் சுற்றில் மின்னசோட்டாவிடம் 4-0. 2024-25-ல் 36 வெற்றியோடு பிளேஆஃபுக்கே போகவில்லை. பீலை விடுவித்ததில், ஆடாத வீரருக்கு ஐந்து சீசன் பணம் கட்ட வேண்டிய நிலை.

டல்லஸைப் பற்றி ஒரு பத்தி போதும். 2025 பிப்ரவரியில் 25 வயது லூக்கா டான்சிச்சைக் கொடுத்து, 31 வயது ஆன்டனி டேவிஸையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் வாங்கினார்கள். முந்தைய ஆண்டுதான் லூக்கா அந்த அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். மிஞ்சியதைப் பார் என்கிற என் அளவுகோலிலேயே இது விழுகிறது: மிஞ்சியவர்கள் எல்லாருமே லூக்காவைச் சுற்றி ஆடச் சேர்க்கப்பட்டவர்கள். நடுவில் இருந்தவரை எடுத்துவிட்டுச் சுற்றிலும் இருந்தவர்களை வைத்துக்கொள்வது அணிக் கட்டமைப்பு ஆகாது.

விதிகள் மாறியபின்

2018-ல் செய்ததை இன்று அப்படியே செய்ய முடியுமா என்பது நேர்மையான கேள்வி. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு இரண்டு வரம்புக் கோடுகள் வந்துவிட்டன, முதல் ஏப்ரன், இரண்டாம் ஏப்ரன் என்கிறார்கள். 2025-26 சீசனுக்குச் சம்பள உச்சவரம்பு 15.46 கோடி டாலர், இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. அந்தக் கோட்டைத் தாண்டிய அணி இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, ட்ரேடில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது, ஏழு ஆண்டு தள்ளி உள்ள முதல் சுற்று பிக்கை விற்கவும் முடியாது. 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன் அடுத்த கோடையிலேயே ஹாலிடேவையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் அனுப்பியது இந்தக் கோட்டுக்குக் கீழே வருவதற்காகத்தான்.

மூன்று பெரிய சம்பளங்களைக் கூட்டி வைக்கும் அணிக்கு இந்த விதிகள் பெரிய தண்டனை. குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் இளம் வீரர்களின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் நான்கு சீசன் வரை சிறிய சம்பளத்தில் இருப்பார். 2019 டொராண்டோவில் சியாகமும் அனுனோபியும் அப்படித்தான் இருந்தார்கள். அவர்கள் இருந்ததால்தான் கவாய், லௌரி, இபாகா, கசோல் சம்பளங்களைச் சேர்த்துத் தாங்க முடிந்தது.

என்னைக் கேட்டால், ஐம்பது வெற்றியில் சிக்கிய அணி முதலில் தேட வேண்டியது டொராண்டோ வகை வாய்ப்பு: தன்னுடைய பெரிய சம்பளக்காரரையே மேலான ஒருவருக்கு மாற்றுவது, இளையவர்களைத் தொடாமல். அது அடிக்கடி வராது. எதிரணியில் மனக்கசப்போ காயமோ ஒப்பந்த முடிவோ இருக்கும்போதுதான் அப்படி ஒரு விலை கிடைக்கும். வராத வருடத்தில் டென்வர் போல ஓரங்களைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கலாம். பிக்குகளை மொத்தமாகக் கொட்டுவது மில்வாக்கி போல முதல் ஆள் கையில் உள்ளவர்களுக்கு மட்டும். கலைப்பது, அடுத்தவர் பிக்குகள் குவிந்திருந்தால் ஒழிய வேண்டாம்.

இந்த வரிசையைச் சோதிக்க நல்ல இடம் ஹூஸ்டன். 2024-25-ல் 52 வெற்றி. முதல் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டத்தில் தோல்வி. அதாவது 2018 டொராண்டோ நின்ற அதே வாசலில் நின்றது. 2025 கோடையில் டுரான்டை வாங்கினார்கள். வயது 36, அது பெரிய ஆபத்துதான். ஆனால் கொடுத்தது ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், பத்தாவது பிக், சில இரண்டாம் சுற்று பிக்குகள். பிளேஆஃபில் கிரீனிடம் தெரிந்த தடுமாற்றம் டெரோசனுடையதை எனக்கு நினைவூட்டியது. அல்பெரன் செங்கூன், ஏமென் தாம்சன், ஜபாரி ஸ்மித், டாரி ஈசன், ரீட் ஷெப்பர்ட் எல்லாரும் அங்கேயே மிஞ்சினார்கள். ஈசனும் ஷெப்பர்டும் ஹார்டனை விற்றபோது வாங்கிய புரூக்ளின் பிக்குகளில் வந்தவர்கள். ஃபீனிக்ஸுக்குப் போன அந்தப் பத்தாவது பிக்கோ முதலில் ஃபீனிக்ஸுக்கே சொந்தமானது. டுரான்டுக்காக அதைப் புரூக்ளினுக்குக் கொடுத்தார்கள், அங்கிருந்து ஹூஸ்டனுக்கு வந்தது, 2025-ல் அதே டுரான்டுக்கு விலையாகத் திரும்பி வந்தது.